பாடசாலை அலுமாரியில் இருந்த பறவை முட்டைகள்: சேகரிப்பைத் தொடரலாமா?

படுவான்கரை டீச்சர்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையிலுள்ள ஒரு பாடசாலையில் நான் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். ஆய்வுகூடத்துக்கு வெள்ளையடிப்பதற்காகப் பழைய அலுமாரிகளை நகர்த்தியபோது, கண்ணாடி மூடி போட்ட மரப்பெட்டியொன்று அகப்பட்டது. உள்ளே சிறுசிறு அறைகளாகப் பிரித்து, பஞ்சு பரப்பி, பறவை முட்டைகள் வைக்கப்பட்டுள்ளன. ஒவ்வோர் அறையின் கீழும் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகளைப் பூச்சி அரித்துவிட்டதால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில எழுத்துகள்தாம் எஞ்சியிருக்கின்றன. பெட்டிக்குப் பக்கத்தில், மரக்கட்டையில் நிறுத்திய, பாடம் செய்த மீன்கொத்தி ஒன்றும் இருந்தது. இவற்றைச் சேகரித்தவர் யார் என்று அறிந்தவர்கள் இப்போது எங்கள் பாடசாலையில் இல்லை.

இரண்டு விடயங்களில் உங்கள் ஆலோசனை வேண்டும். முதலாவது, இந்த முட்டைகள் எந்தெந்தப் பறவைகளுடையவை என்று எவ்வாறு அறிவது? இரண்டாவதுதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. பெட்டியைக் கண்ட நாள் முதல் பத்தாம் தரப் பிள்ளைகளுக்கு இதே பேச்சாக இருக்கிறது. வயல் வரம்பிலும் குளக்கட்டிலும் வாவியோரக் கண்டல்களிலும் கூடுகள் இருக்கும் இடங்கள் தங்களுக்குத் தெரியும் என்றும், வலயக் கண்காட்சிக்கு முன்னர் வெறுமையாக உள்ள அறைகளைத் தாங்களே நிரப்பித் தருவதாகவும் சொல்கிறார்கள். பாடப்புத்தகத்துக்கு வெளியே ஒன்றின் மீது இவ்வளவு ஆசை கொண்ட பிள்ளைகளிடம் கூடாது என்று மட்டும் சொல்லி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

கல்லடி நீர்ப்பறவை

டீச்சர், முட்டைகளுக்கு முன்னர் அந்த மீன்கொத்தியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பறவைத் தோலைப் பூச்சி அரிக்காமல் இருப்பதற்காக அக்காலத்தில் ஆர்செனிக் கலந்த சவர்க்காரத்தைத் தோலின் உட்புறமெங்கும் பூசினார்கள். அந்த நஞ்சு எத்தனை ஆண்டு சென்றாலும் வலுவிழப்பதில்லை; இறகிலும் பீடத்திலும் படிந்திருக்கும் தூளில் அது இருக்கக்கூடும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் எவரும் அதைத் தொட வேண்டாம். தூசி தட்டவும் வேண்டாம். தடித்த பொலித்தீன் பையில் இட்டுக் கட்டி, பிள்ளைகளின் கைக்கெட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள்.

அடுத்தது சட்டம். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காட்டுப் பறவைகளைக் கொல்வதும் பிடிப்பதும் மட்டுமன்றி, அவற்றின் கூட்டையும் முட்டையையும் எடுப்பதும் குற்றமாகும். இப்பாதுகாப்பிலிருந்து விலக்கப்பட்ட பறவைகள் மிகச் சிலவே. கண்காட்சிக்காக எடுத்தோம், படிப்புக்காக எடுத்தோம் என்பது, உரிய அனுமதிப்பத்திரம் கையில் இல்லாத வரையில் ஒரு விளக்கமாகாது. எனவே உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சட்டம் விடை சொல்லிவிட்டது. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த ஒரே காரணத்தைத்தான் கொடுக்க முடிகிறது என்றால் அது எனக்குக் கவலை தரும். இதைவிட நல்ல காரணங்கள் உள்ளன.

இருக்கும் முட்டைகளை அடையாளம் காண்பதற்கு, ஆய்வுகூடத்தில் உள்ள வேணியர் இடுக்கிமானியை எடுத்து, தாடைகளில் மெல்லிய துணி சுற்றி, நீளத்தையும் அதிகூடிய அகலத்தையும் மில்லிமீற்றரில் அளவுங்கள். துணியின் தடிப்பைக் கழித்துக்கொள்ள மறக்க வேண்டாம். பின்னர் வடிவம், அடிநிறம், புள்ளிகளின் தன்மை, மினுக்கம் ஆகியவற்றை எழுதுங்கள். ஓட்டில் துளை எங்கே இடப்பட்டுள்ளது என்பதையும், துளைக்கு அருகில் மையினால் ஏதும் எழுதப்பட்டுள்ளதா என்பதையும் கைவில்லையால் கட்டாயம் பாருங்கள்.

படுவான்கரை டீச்சர்

நன்றி ஐயா. மீன்கொத்தியைப் பைக்குள் இட்டுப் பூட்டிவிட்டேன். உடையாத முட்டைகளுள் சந்தேகமில்லாமல் அளக்க முடிந்தவற்றை இங்கே தருகிறேன்.

ஓர் அறையில் மூன்று முட்டைகள்: பம்பர வடிவம், ஏறத்தாழ 42 × 30 மில்லிமீற்றர், களிமண் நிறத்தில் திட்டுத்திட்டாகக் கறுப்பு. இன்னோர் அறையில் இரண்டு சிறிய முட்டைகள்: 30 × 22, உலர்ந்த மணலின் நிறம், அதன்மேல் பேனை முனையால் கிறுக்கியது போன்ற மெல்லிய கறுப்புக் கோடுகள். புள்ளியே இல்லாத, மினுக்கமான இளநீல முட்டைகளும் ஏறத்தாழ 30 × 22 அளவில் உள்ளன. வெள்ளை நிறத்தில் கிட்டத்தட்ட உருண்டையாக உள்ளவை 29 × 26. மங்கிய பச்சை கலந்த நீலத்தில் ஒன்று 38 × 28. நான்கு முட்டைகள் மட்டும் நான் முன்பு கண்டிராத நிறம்: வெண்கலப் பாத்திரத்தைத் துலக்கி வைத்தாற்போல் மினுங்கும் கடும் பழுப்பு, புள்ளி இல்லை, ஒரு முனை நன்றாகக் கூரியது, 37 × 28.

எல்லாவற்றிலும் பக்கவாட்டில் ஒரேயொரு வட்டத் துளை இருக்கிறது. களிமண் நிற முட்டைகள் மூன்றிலும் துளைக்குப் பக்கத்தில் 17/4 என்று நுண்ணிய எழுத்தில் மையினால் எழுதப்பட்டுள்ளது.

காரைதீவு ஓய்வூதியர்

மகள், நீங்கள் தந்த விவரம் மிகத் தெளிவாக இருக்கிறது. துளையிலிருந்து தொடங்குகிறேன். விளையாட்டாக முட்டை சேர்க்கும் சிறுவர்கள் இரண்டு முனையிலும் ஊசியால் குத்தி ஊதுவார்கள். பக்கவாட்டில் ஒரே துளையிட்டு, வளைந்த ஊதுகுழாயால் உள்ளிருப்பதை வெளியேற்றுவது பயின்ற சேகரிப்பாளர்களின் முறை. துளையைக் கீழ்ப்புறமாக வைத்துவிட்டால் மேலே முழு முட்டையாகத் தெரியும். மையெழுத்தும் அவர்களுடைய வழக்கம்தான். 17/4 என்றால், அவருடைய குறிப்பேட்டில் அந்தப் பறவைக்குரிய பதினேழாம் இலக்கக் கூடு, அதில் இருந்தவை நான்கு முட்டைகள் என்று கொள்ளலாம். இப்போது இருப்பவை மூன்று என்பதால், ஒன்று இடையில் உடைந்திருக்க வேண்டும்.

இளநீல முட்டைகள் மைனாவுடையவை. புலுனியின் முட்டையும் நீலந்தான், ஆயினும் அது 25 × 19 அளவில் சிறியது, நிறமும் அழுத்தமானது. வெள்ளை உருண்டைகள் நம் வேலிகளிலும் மின்கம்பிகளிலும் அமரும் வெண்தொண்டை மீன்கொத்திக்குப் பொருந்துகின்றன. மண்கரையில் வளை தோண்டியும் மரப்பொந்திலும் முட்டையிடும் பறவைகள், அதாவது மீன்கொத்தி, பஞ்சுருட்டான், ஆந்தை, கிளி, மரங்கொத்தி ஆகியவை, பெரும்பாலும் வெள்ளை முட்டையே இடுகின்றன. இருட்டில் ஒளிப்பதற்கு நிறம் தேவையில்லை. உலகில் உள்ள பறவை முட்டைகளின் நிறங்கள் எல்லாமே அடிப்படையில் இரண்டு நிறப்பொருள்களால் ஆனவை: பழுப்பும் செம்மையும் தரும் புரோட்டோபோர்பிரின், நீலமும் பச்சையும் தரும் பிலிவெர்டின். பச்சை கலந்த நீல முட்டை குருட்டுக்கொக்கினுடையது. கொக்கு வகைகளில் பல இந்நிறத்தில் இடுவதால், அளவைக் கொண்டே பிரிக்க வேண்டும். சின்ன வெள்ளைக் கொக்கின் முட்டை 45 × 33 வரை வரும்.

வெண்கல நிற முட்டைகளைக் கண்டதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அவை நீளவால் இலைக்கோழியுடையவை. நம் குளங்களில் தாமரை இலைமீது நடந்து திரியும் அதே பறவை. நீரில் மிதக்கும் செடிகளின் மேலேயே முட்டையிடும். பெண் பறவை முட்டையிட்டுவிட்டு வேறு துணையைத் தேடிப் போய்விட, ஆண் பறவையே அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது. அந்த நிறத்திலும் மினுக்கத்திலும் முட்டையிடும் வேறொரு பறவை நம் பகுதியில் இல்லை.

மணல்நிற முட்டைகள் கடற்கரையில் இடும் உப்புக்கொத்தியுடையவையாக இருக்கலாம். சிற்றாலாவும் அதே மணலில், அதே நிறத்தில், 32 × 24 அளவில் இடுகிறது. ஆனால் ஆலாவின் முட்டையில் கோடுகளைக் காட்டிலும் திட்டுகளே மிகுதி. எனவே உப்புக்கொத்தி என்றே சொல்வேன்.

இப்போது 17/4. இங்கேதான் என்னால் முடிவு சொல்ல முடியவில்லை. சிவப்புமூக்கு ஆட்காட்டியின் முட்டை 42 × 30. நெடுங்கால் உள்ளானின் முட்டை 44 × 31. இரண்டும் நான்கு முட்டை இடுகின்றன. இரண்டின் முட்டையும் பம்பர வடிவமே, களிமண் நிறமே, கறுப்புத் திட்டே. ஒரே பறவையின் முட்டைகளுக்கிடையிலேயே ஓரிரு மில்லிமீற்றர் வேறுபாடு இயல்பாக வருவதால், அளவும் கைகொடுக்காது. சேகரித்தவர் ‘உலர்ந்த வயலில், மண்ணைக் கிளறிய குழியில்’ என்றோ, ‘சேற்று நிலத்தில், நீரோரத்தில், புல் அடுக்கிய மேட்டில்’ என்றோ ஒரு வரி எழுதியது கிடைத்திருந்தால் ஐயமே இருந்திராது. அந்த ஒரு வரியைத்தான் பூச்சி தின்றுவிட்டது.

வந்தாறுமூலை விலங்கியல்

காரைதீவு ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிப்பவன். கல்லடி அண்ணன் சட்டத்தைச் சொன்னது சரி. எனினும், சேகரிப்பையே ஒரு பழைய குற்றமாகப் பார்க்கும் போக்கு இவ்விழையில் வந்துவிடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இலங்கைப் பறவைகளைப் பற்றி நமக்கு இருக்கும் அறிவின் அத்திவாரம் சேகரிப்பாளர்கள் இட்டது. பீரங்கிப் படை அதிகாரியாக இங்கு பணிபுரிந்த வின்சென்ட் லெக், 1868க்கும் 1877க்கும் இடைப்பட்ட காலத்தில் தீவெங்கும் சென்று சேர்த்த தோல்களையும் குறிப்புகளையும் வைத்தே 1878 தொடக்கம் 1880 வரை தமது பெருநூலைப் பகுதி பகுதியாக வெளியிட்டார். அவர் துப்பாக்கியின்றி இதைச் செய்திருக்க இயலாது. அக்காலத்தில் கையில் எடுத்துச் செல்லத்தக்க நல்ல இருகண் நோக்கியும் இல்லை, பறவையைப் பிடிக்கும் ஒளிப்படக் கருவியும் இல்லை.

முட்டைச் சேகரிப்புகளால் விளைந்த நன்மைக்கு ஓர் உதாரணம் போதும். டெரெக் ராட்கிளிஃப் என்னும் பிரித்தானிய ஆய்வாளர், பெரிய வல்லூறு, சிட்டுப்பருந்து ஆகியவற்றின் முட்டைகள் கூட்டிலேயே உடைந்து கிடப்பதைக் கவனித்து, பழைய சேகரிப்புகளில் இருந்த முட்டை ஓடுகளை நிறுத்து, நீள அகலத்தோடு ஒப்பிட்டு, 1967இல் முடிவுகளை வெளியிட்டார். 1940களின் பிற்பகுதியில், டிடிடி என்னும் பூச்சிகொல்லி பரவலாகத் தெளிக்கப்படத் தொடங்கிய அதே காலத்தில், ஓடுகள் திடீரென மெலிந்தன என்பது அதனால் வெளிப்பட்டது. ஊதி வெறுமையாக்கிய ஓடுகளை எவரும் சேர்த்து வைத்திராவிட்டால், ஒப்பிடுவதற்கு எதுவும் இருந்திராது.

நம் கரையோரத்திலும் ஓர் உதாரணம் உண்டு. டீச்சரின் பெட்டியில் உள்ள உப்புக்கொத்தியை நாம் நீண்ட காலமாகக் கெண்டிஷ் உப்புக்கொத்தி என்றே அழைத்து வந்தோம். 1915இல் அதற்குத் தனிப் பெயர் சூட்டப்பட்டிருந்தும், பின்னர் கெண்டிஷ் இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். மன்னார்ப் பகுதியில் பறவைகளைப் பிடித்து அளந்து, மரபணுவையும் ஒப்பிட்டபின், 2023இல் அது தனி இனம் என மீண்டும் நிறுவப்பட்டது. இன்று அதன் பெயர் அனுமன் உப்புக்கொத்தி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வாழ்வது. சிறகும் வாலும் அலகும் சற்றே சிறியவை. உடலையும் இரத்தத்தையும் கையில் எடுத்துப் பார்க்காமல், தொலைவிலிருந்து பார்த்து மட்டும் இம்முடிவுக்கு வந்திருக்க முடியாது.

கல்லடி நீர்ப்பறவை

தம்பி, நீங்கள் எழுதியவற்றுள் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. அதே உதாரணங்களை நான் வேறொரு பக்கத்திலிருந்து பார்க்கிறேன்.

ராட்கிளிஃபுக்குப் பயன்பட்டவை வெறும் ஓடுகளா? ஒவ்வொரு ஓட்டுக்கும் எந்த ஆண்டு, எந்த இடம் என்ற குறிப்பு இருந்தது. அக்குறிப்பு இல்லாமல் ஆயிரம் ஓடுகளை நிறுத்திருந்தாலும், மெலிந்தது எப்போது என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. டீச்சரின் பெட்டியில் உள்ள மூன்று களிமண் நிற முட்டைகளைப் பாருங்கள். ஓடு முழுமையாக இருக்கிறது, நிறம் இருக்கிறது, அளவு இருக்கிறது, துளைகூட அழகாக இருக்கிறது. ஆயினும் காரைதீவு ஐயாவைப் போல் இத்துறையில் ஊறியவராலும் அது ஆட்காட்டியா உள்ளானா என்று சொல்ல இயலவில்லை. மாறாக, முட்டையை எடுக்காமலே ‘உலர்ந்த வயல், நான்கு முட்டை, இரண்டு ஆட்காட்டிகள் தலைக்கு மேல் பறந்து கத்தின’ என்று ஒரு பிள்ளை கொப்பியில் எழுதி, நாளையும் இடத்தையும் குறித்திருந்தால், அது ஐயத்துக்கிடமற்ற பதிவு. பிள்ளைகள் சேகரிக்கட்டும் டீச்சர், தாராளமாகச் சேகரிக்கட்டும். அவர்கள் சேகரிக்க வேண்டியது அந்த வரியைத்தான்.

மன்னாரில் நடந்ததும் இதையே காட்டுகிறது. உப்புக்கொத்திகளைப் பயிற்சி பெற்றவர்கள் அனுமதியோடு பிடித்தார்கள், அளந்தார்கள், விடுவித்தார்கள். லெக்கின் காலத்தில் இருந்திராத வழி இன்று இருக்கிறது. சிறிய செவ்வாந்தையின் கதையும் அவ்வாறே. 1995இல் கித்துல்கலைக் காட்டில் இன்னதென்று அறியாத ஒரு குரலாகக் கேட்ட அதை, தீபால் வாரக்காகொட விடாமல் தேடி, 2001இல் சிங்கராஜாவில் கண்ணால் கண்டார். 2004இல் அது புதிய இனமாக விவரிக்கப்பட்டது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டறியப்பட்ட முதற் புதுப் பறவை அது. தொடக்கமாக இருந்தது காதால் கேட்டு எழுதிய ஒரு குறிப்பு.

தீவுகளில் இன்னும் கூடிய எச்சரிக்கை வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு. தீவுப் பறவையின் மொத்தத் தொகையே சிறியது. குறைந்தால் பக்கத்து நிலத்திலிருந்து வந்து நிரப்ப எவருமில்லை. மெக்சிக்கோவுக்கு அப்பால், பசிபிக் கடலில் குவாடலூப்பே என்னும் தீவில் மட்டும் வாழ்ந்த கரகரா என்னும் வேட்டைப்பறவையை, ஆட்டுக்குட்டிகளைக் கொல்கிறதென்று மேய்ப்பர்கள் ஏற்கனவே பெருமளவு அழித்திருந்தார்கள். 1900 டிசம்பர் முதலாம் திகதி ரோலோ பெக் என்னும் சேகரிப்பாளர் அங்கே இறங்கியபோது பதினொரு பறவைகள் அவரை நோக்கிப் பறந்து வந்தன. ஒன்பதை அவர் சுட்டு எடுத்தார். அவை பயமின்றி வந்ததால், ஏராளமாக இருக்கும் என்று அவர் எண்ணினார். அந்த இனம் இன்று இல்லை. அவர் கெட்ட மனிதரும் அல்லர், அறியாதவரும் அல்லர். அந்தத் தீவில் எத்தனை எஞ்சியிருந்தன என்பதை எண்ணி எழுதியவர் அவருக்கு முன்னர் எவருமில்லை.

சம்மாந்துறை வயல்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் விவசாயி. படித்தவர்கள் பேசும் இடத்தில் ஒரு நடைமுறைக் கேள்வியைக் கேட்கிறேன். பெரும்போக வெள்ளாமை வெட்டும்போது, தாழைக்கோழியின் கூடும் கானாங்கோழியின் கூடும் வயலுக்குள் முட்டையோடு அகப்படுகின்றன. இயந்திரம் வந்துகொண்டிருக்கும். விட்டால் நசுங்கிவிடும் என்று சிலர் எடுத்துச் சமைத்துவிடுகிறார்கள். சிலர் வீட்டுக் கோழிக்கு அடைவைத்துப் பார்க்கிறார்கள். வீணாகப் போவதை எடுப்பதிலும் குற்றம் உண்டா? உண்டென்றால், அந்த நேரத்தில் நாங்கள் செய்யத்தக்கது என்ன?

வந்தாறுமூலை விலங்கியல்

காக்கா, நல்ல கேள்வி. உணவுக்காக முட்டை எடுப்பதை அரசே ஒழுங்குபடுத்தும் தீவுகள் இருக்கின்றன. சீசெல்சின் டெநெஃப் தீவில் கருமுதுகு ஆலாவின் முட்டைகளைப் பருவத்தின் தொடக்கத்தில் எடுக்க அனுமதி கொடுத்தார்கள். அப்பறவை ஒரேயொரு முட்டைதான் இடும். ஆரம்பத்தில் இழந்தால் மறுபடியும் இடும். கூட்டமோ இலட்சக்கணக்கில் இருக்கும். தீவின் ஒரு பகுதியை எவரும் தொடாமலும் விட்டுவைத்தார்கள். நம் வயலில் நிலைமை வேறு. தாழைக்கோழி சோடி சோடியாகத் தனித்தனியே கூடு கட்டுகிறது. அறுவடைக்குப் பின்னர் மறுபடி முட்டையிடுவதற்குத் தண்ணீரும் மறைவும் அதே வயலில் இருக்காது. எனவே அந்த உதாரணத்தை இங்கே கொண்டுவர முடியாது.

பொத்துவில் வழிகாட்டி

சம்மாந்துறைக் காக்காவுக்கு: கூட்டை முன்கூட்டியே கண்டால், அதைச் சுற்றி ஒரு சிறு பாயளவு இடத்தை வெட்டாமல் விட்டுவிடச் சொல்லி இயந்திர ஓட்டுநரிடம் சொல்லுங்கள். எல்லாக் கூடும் தப்பும் என்று சொல்ல மாட்டேன். சுற்றிலும் வெட்டையாகிவிட்டால் காகமும் நாயும் கண்டுகொள்ளும். ஆயினும் வரம்பையோ வாய்க்காலையோ ஒட்டியிருந்தால், அந்தப் பக்கத்துப் புல்லோடு சேர்த்து விடும்போது பிழைக்க வழியுண்டு. முட்டையை இடம் மாற்றினால் தாய் தேடி வராது. அடைக்கோழியின் கீழ் பொரித்தாலும், அந்தக் குஞ்சுக்குத் தீன் தேடக் கற்றுக்கொடுக்க எவருமில்லை.

என் தொழில் குமண தேசிய வனத்துக்கு வருவோரை அழைத்துச் செல்வது. 1938இலேயே அப்பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வில்லு என்னும் ஆழமற்ற நீர்நிலைக்குள் நிற்கும் கண்டல்களில், ஏறத்தாழ மே தொடக்கம் ஜூலை வரை, மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் கூட்டமாகக் கூடு வைக்கின்றன. முட்டை எடுப்பவர்களைவிட, நல்ல படம் வேண்டும் என்று கிட்டப் போகத் துடிப்பவர்களால்தான் இப்போது எனக்குக் கவலை. பறவை எழும்பினால் என்ன, மறுபடி வந்து இருக்கும்தானே என்கிறார்கள்.

டீச்சர், பிள்ளைகளுக்கு இதை அவசியம் விளக்குங்கள். குளிர்நாட்டில் தாய்ப்பறவை முட்டைமேல் இருப்பது சூடு கொடுக்க. நம் கரையில், கச்சான் காற்று வீசும் மாதங்களில், நண்பகல் மணலில் வெறுங்காலை வைக்க முடியாது. அந்நேரம் உப்புக்கொத்தியும் ஆட்காட்டியும் முட்டைக்கு மேலே நிழலாக நிற்கின்றன. நீரோரத்துக்கு ஓடி, நெஞ்சையும் வயிற்றையும் தண்ணீரில் தோய்த்து, ஈர இறகோடு திரும்பி வந்து முட்டையின்மேல் படிந்து குளிரச் செய்வதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்த வேளையில் நாம் பக்கத்தில் நின்று அதை விரட்டி வைத்திருந்தால், முட்டையைத் தொடாமலே உள்ளிருக்கும் குஞ்சைக் கொன்றுவிடுவோம். கூடு பார்ப்பது காலையில் வெயில் ஏறுமுன், அல்லது பின்னேரம். அதுவும் தூரத்திலிருந்து, சில நிமிடங்கள் மட்டும்.

திருக்கோவில் கரைவலை

பொத்துவில் நானா சொன்ன பறவையை எங்களுக்கு நன்றாகத் தெரியும். நாங்கள் வலை இழுக்கும் அதே மணலில், அடம்பன் கொடிக்கும் இராவணன் மீசைக்கும் இடைப்பட்ட வெளியில்தான் முட்டையிடும். கூடு என்று எதுவுமில்லை; உள்ளங்கையளவு குழி, ஓரத்தில் சிப்பித் துண்டுகள். ஆள் வந்தால் தாய் முட்டையைவிட்டுச் சத்தமில்லாமல் ஓடி, தூரத்தில் போய் இறகு ஒடிந்ததுபோல் விழுந்து புரளும். கண்டுகொண்டால், கயிறு இழுக்கும்போது மிதிபடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு தடியை ஊன்றி வைப்போம். ஆனால் தடி ஊன்றிய முட்டைகள் அநேகமாக மறுநாள் இருப்பதில்லை. உடும்பு எடுக்கிறதா, ஆட்கள் எடுக்கிறார்களா என்று எங்களுக்குள் பெரிய விவாதம்.

கல்லடி நீர்ப்பறவை

அண்ணன், பெரும்பாலும் காகமாக இருக்கும். வெட்டவெளி மணலில் திடீரென்று முளைத்த தடி, காகத்துக்கு வந்து அமர்ந்து பார்க்க இடமும் ஆகிறது, இங்கே ஏதோ இருக்கிறது என்ற அடையாளமும் ஆகிறது. வலையிலிருந்து கழிக்கும் சிறுமீன்களுக்காகக் காகங்கள் எப்படியும் உங்கள் மீன்வாடியைச் சுற்றியே இருக்கும். நம் காலடித் தடமும் கூட்டில் போய் முடிந்தால், நாயும் கீரியும் அதைப் பின்தொடரும். தடிக்குப் பதிலாக, வாடிக் கம்பத்தையும் தொலைவிலுள்ள ஒரு பனையையும் நேர்கோட்டில் வைத்து, அக்கோட்டில் எத்தனை காலடி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கூட்டுக்குப் போய் நிற்காமல், அதைக் கடந்து போகிறவர்போல் நேரே நடந்து போய்விடுங்கள். கழித்த மீனைக் கூடு இருக்கும் பக்கத்தில் போடாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி.

படுவான்கரை டீச்சர்

எல்லோருக்கும் என் நன்றி. அதிபரோடு பேசி முடிவெடுத்துள்ளோம். பெட்டியும் மீன்கொத்தியும் பாடசாலையில் உள்ளதை வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு எழுத்தில் அறிவிக்கிறோம். கொழும்பு தேசிய நூதனசாலை அவற்றை ஏற்குமா என்றும் எழுதிக் கேட்கிறோம். கண்காட்சியில், பெட்டியின் ஒளிப்படமும் அருகில் காரைதீவு ஐயாவின் விளக்கமும் இருக்கும். ஆட்காட்டியா உள்ளானா என்ற பகுதியைப் பிள்ளைகளே பெரிய எழுத்தில் எழுதி வைக்க விரும்புகிறார்கள்.

இனி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி. திகதி, நேரம், இடம், நிலத்தின் தன்மை, கூட்டின் அமைப்பு, முட்டை எண்ணிக்கை, அருகில் நின்ற பறவை, அதன் குரலும் நடத்தையும் என்று பத்திகள் பிரித்திருக்கிறேன். இதில் விடுபட்டது ஏதும் உண்டா? இப்பதிவுகளை, பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையத்தளத்தில் இடலாமா?

காரைதீவு ஓய்வூதியர்

மகள், இரண்டு பத்திகளைச் சேருங்கள். ஒன்று, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தார்கள் என்பது. முட்டை எண்ணிக்கை தெரியாவிட்டால் ‘பார்க்கவில்லை’ என்று எழுதட்டும், அதற்காகக் கிட்டப் போக வேண்டாம். மற்றது, முடிவு: பொரித்ததா, அழிந்ததா, எதனால் என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலான கொப்பிகளில் அந்தப் பத்தி இல்லாததால், எத்தனை கூடுகள் தோற்கின்றன என்பதை நம் மாவட்டத்தில் எவராலும் சொல்ல முடிவதில்லை. பென்சிலால் எழுதட்டும்; மழையில் மை கரைந்துவிடும். ஒவ்வொரு தவணை முடிவிலும் பக்கங்களைப் படமெடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள்.

கல்லடி நீர்ப்பறவை

ஈபேர்டில் இடலாம் டீச்சர், ஆனால் கூடு இருக்கும் சரியான இடத்தைக் குறிக்காமல், ஊரின் பெயரை அல்லது குளத்தின் பெயரை மட்டும் இடுங்கள். குஞ்சுகள் பறந்து போன பின்னர் இட்டால் இன்னும் நல்லது. முகநூலில் கூட்டின் படத்தை இடத்தோடு போட வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்கு விரும்பும் பிள்ளைகளைப் பெற்றோரின் சம்மதத்தோடு அழைத்து வாருங்கள். கல்லடிப் பக்கத்தில் எண்ணுவதற்கு எப்போதும் ஆள் போதாது.

திருக்கோவில் கரைவலை

டீச்சர், அந்தக் கொப்பியின் பத்திகளை இங்கே ஒரு படமாகப் போட்டுவிடுங்கள். எங்கள் வாடியிலும் ஒன்று வைக்கிறோம். என் மகள் எட்டாம் தரம், எழுதுவாள்.